யாரு ரத்தம்?

"யம்மா, இது யாரு ரத்தத்தால வந்துச்சுன்னு இந்தப் படத்துல தெரியுமா?"

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வராந்தாவில் வைத்து ஒரு பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் பேத்தியின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கவர் இருந்தது. மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார். பாட்டி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் கேள்வி மருமகளுக்கு என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் சொன்னேன். சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன விதத்தில் நான் செய்த தப்பு எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆனது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

அவர்கள் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. பாட்டி, அம்மா, அப்பா, பாப்பா என்றே எழுதுகிறேன். வட மாவட்டம் ஒன்றின் காலனி. அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அம்மா கட்டட வேலைக்குப் போனவர். அப்பாவுக்கு அம்மா மாமன் மகள், அதாவது பாட்டியின் சொந்த அண்ணன் மகள்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஆரம்பித்தது. தூங்கி எழுந்ததும் உடம்பு சட்டென்று முன்னால் மடங்கும், இரண்டு கையும் விரிந்து மறுபடி சேரும். ஒரு நொடிதான். பிறகு மறுபடியும். இப்படி வரிசையாக இருபது முப்பது தடவை. "சாமி கும்புடுது பாரு" என்று பாட்டி முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறார். இந்த வகை வலிப்புக்குப் பழைய மருத்துவப் புத்தகங்களில் 'சலாம் வலிப்பு' என்றே பெயர் உண்டு. குனிந்து சலாம் போடுவதுபோல் இருப்பதால் வந்த பெயர். கை கால் இழுத்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் நினைக்கிறோம். அதனால் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இவர்கள் காட்டிய முதல் இரண்டு இடங்களிலும் வாயு, வயிற்று வலி என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு மந்திரித்துத் தாயத்து கட்டினார்கள். குழந்தை சிரிப்பதை நிறுத்தியது. கழுத்து நின்றிருந்த குழந்தைக்கு மறுபடி கழுத்து நிற்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. வயிற்றிலும் தொடையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், ஒவ்வொன்றும் வேப்பிலை அளவில். அங்கன்வாடியில் அதைப் பார்த்து 'வெண்குஷ்டம்' என்று யாரோ சொல்ல, அதன் பிறகு மற்றக் குழந்தைகளோடு பாப்பாவை உட்கார வைக்கவில்லை. நான் அந்தக் காலனிக்குப் போனதே இந்தப் புகாருக்காகத்தான். அங்கன்வாடியில் தீண்டாமை என்று எழுதி எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போவது என் திட்டம். வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பாப்பா என் கண் முன்னாலேயே 'கும்பிட்டது'. அன்றைக்கு மனுவை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

குழந்தைகள் நரம்பியல் ஓ.பி.யில் ஒரு பி.ஜி. டாக்டர் பாப்பாவின் சட்டையைக் கழற்றி, விளக்கை அணைத்து, ஒரு ஊதா விளக்கை வைத்துத் தோலைப் பார்த்தார். திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன. ஆறோ ஏழோ எண்ணினார். "எம்.ஆர்.ஐ. எடுக்கணும்" என்றார். பிறகு வழக்கமான கேள்வி: "சொந்தத்துல கல்யாணமா?" ஆமாம் என்று அம்மா தலையாட்டினார். டாக்டர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஊழியர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "எத்தன தடவ சொன்னாலும் இந்த ஜனங்க கேக்க மாட்டாங்க" என்றார். 'இந்த ஜனங்க' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டு நான் சண்டை போட்டிருக்கலாம். ஸ்கேன் தேதி அவர்கள் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று எல்லாச் சாதியிலும்தான் இங்கே கல்யாணம் நடக்கிறது.

ஸ்கேனுக்குத் தேதி ஐந்து வாரம் கழித்துக் கிடைத்தது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது. பெரிய காந்தம். நம் உடம்பில் உள்ள தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்களை அது ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டி, திரும்பி வரும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும். ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை எப்படிப் படுக்கும்? தூங்க மருந்து கொடுத்தார்கள். முதல் நாள் பாப்பா தூங்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அன்றைய கூலி போனது. இரண்டாவது தடவை முந்தின இரவு முழுக்கத் தூங்கவிடாமல் வைத்திருந்து கூட்டி வந்தோம். உள்ளே போகும் முன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். கொலுசு, அரைஞாண், கடைசியாகத் தாயத்து. முடிச்சு அவிழவில்லை. டெக்னீஷியன் கத்தரிக்கோல் எடுத்து வெட்டினார். அது வரைக்கும் அழாத அம்மா அப்போதுதான் அழுதார்.

படம் வந்த அன்று பாட்டி கேட்டதுதான் மேலே எழுதிய கேள்வி.

அந்தப் படத்தை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அந்த பி.ஜி. டாக்டர்தான். அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஏனென்றால் பெரும்பாலும் நம் ஆட்களுக்குக் கவர் மட்டும்தான் கிடைக்கும். அவர் கம்ப்யூட்டர் முன்னால் அம்மாவை உட்கார வைத்து, ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இந்தத் தளத்தைப் படிக்கும் மாணவர்கள் நாளைக்கு இன்னொரு அம்மாவோடு அதே நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டி வரலாம்.

நோயின் பெயர் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ். 'டியூபர்' என்றால் கிழங்கு. மூளையின் மேல் மடிப்புகளில் அங்கங்கே செல்கள் ஒழுங்கு தப்பி, கிழங்கு மாதிரிக் கெட்டியாகத் திரண்டிருக்கும். நம் எல்லோருக்கும் செல் வளர்ச்சிக்குப் பிரேக் போடும் இரண்டு மரபணுக்கள் உண்டு. ஒன்று 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, மற்றது 16-ஆம் குரோமோசோமில். இரண்டில் ஏதாவது ஒன்றில் பிழை வந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மூளை, தோல், இதயம், சிறுநீரகம் என்று பல இடங்களில் சிறு கட்டிகள் வளரும். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 6,000-க்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. மூளையில் உள்ள கிழங்குகள் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. கர்ப்பமாக இருக்கும்போது அம்மா சிமென்ட் சட்டி தூக்கியதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வருவதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் ஒரே மூளையைப் பல விதமாகப் படம் பிடிக்கலாம். அதில் ஒன்று 'ஃபிளேர்'. மூளைக்குள் இருக்கும் நீரின் வெளிச்சத்தை அது அடக்கிவிடும். நீர் கருப்பாகிவிடுவதால் பக்கத்தில் உள்ள கோளாறான இடங்கள் வெள்ளையாக எடுப்பாகத் தெரியும். பாப்பாவின் படத்தில் அப்படி ஒன்பது இடங்களை டாக்டர் காட்டினார். மூளையின் நடுவே நீர் தேங்கும் அறைகளின் சுவரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. மெழுகுவர்த்தி உருகி வழிந்து உறைந்த மாதிரி என்று சொல்வார்களாம். பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இந்த முடிச்சுகளில் சுண்ணாம்பு படிந்தால் சி.டி. ஸ்கேனில் அது நன்றாகத் தெரியும். கிழங்குகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் வேண்டும். பச்சைக் குழந்தையின் மூளை நரம்புகளுக்கு மேலுறை முழுதாக உருவாகியிருக்காது. அதனால் சில மாதக் குழந்தையின் படத்தில் இதே கிழங்குகள் வேறு மாதிரித் தெரியும், சில சமயம் தெரியாமலும் போகும். ஒரு தடவை எடுத்தால் போதாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கிழங்குகளை முதலில் விவரித்து எழுதியவர் பூர்ன்வில் என்ற பிரெஞ்சு டாக்டர், 1880-இல். பாரிஸில் சால்பெட்ரியேர் என்ற மருத்துவமனையில் வலிப்போடு இருந்த 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். அவள் மண்டையைத் திறந்து பார்த்து அவர் எழுதினார். ஏழைப் பெண்களையும் மனநலம் குன்றியவர்களையும் கொண்டுவந்து விட்ட இடம் அது. நூறு வருஷத்துக்குப் பிறகு, இறக்கும் வரை காத்திருக்காமல் உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளையிலேயே இதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வந்தது. அதற்கு வழி கண்டவர்களில் லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இவ்வளவு அறிவும் எங்கள் பாப்பாவிடம் வந்து சேர, முதல் வலிப்பிலிருந்து ஒன்பது மாதம் ஆனது. இந்த வகை வலிப்பில் வைத்தியம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் வளர்ச்சியைத் தின்கிறது.

இனி ரத்தத்துக்கு வருகிறேன்.

இந்த நோய் வர அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழையான மரபணு வந்தாலே போதும். ஆகவே சொந்தத்தில் கல்யாணம் செய்ததற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. சொந்தக் கல்யாணத்தால் கூடும் நோய்கள் வேறு வகை, அதற்கு இரண்டு பக்கமிருந்தும் பிழை வர வேண்டும். அது மட்டுமில்லை, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அம்மாவிடமும் இருக்காது, அப்பாவிடமும் இருக்காது. கரு உருவாகும்போது புதிதாக நேரும் பிழை அது. யார் ரத்தமும் இல்லை. மரபணு நோய் என்று டாக்டர் சொல்வதைக் கேட்டதும் நாம் 'பரம்பரை நோய்' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு சொல்லால் எத்தனை பெண்கள் தாய்வீட்டுக்குத் துரத்தப்பட்டிருப்பார்களோ.

இந்த வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. 'எங்கண்ணன் பொண்டாட்டி வழி ரத்தம் சரியில்ல' என்பது பாட்டியின் முடிவு. மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்பதுவரை போயிருந்தது.

அப்பா அம்மா இருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவின் தோலில் ஒன்றும் இல்லை. அப்பா மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் சிவந்த சின்னச் சின்னப் பருக்கள். "சின்ன வயசுலேர்ந்து இருக்கு சார், பருவுதான்" என்றார். டாக்டர் செருப்பைக் கழற்றச் சொன்னார். மூன்று கால் விரல்களில் நகத்தோரம் சதை வளர்ந்திருந்தது. சாக்கடையில் வெறுங்காலோடு இறங்கி இறங்கி வந்தது என்றே அவரும், கூட வேலை செய்கிறவர்களும், முன்பு பார்த்த டாக்டர் ஒருவரும் நினைத்திருந்தார்கள். நியாயமான சந்தேகம்தான். அந்த வேலை கால்களை என்னவெல்லாம் செய்யும் என்று நமக்குத் தெரியும். ஆனால் இது அதனால் வந்ததில்லை. அவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையில் இரண்டு கிழங்குகளும் சில முடிச்சுகளும் இருந்தன. சின்ன வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்ததாக அப்போதுதான் பாட்டி சொன்னார். ஒரே நோய் ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பருவாகவும் இன்னொருவருக்குப் பேச்சே வராததாகவும் இருக்க முடியும்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு படத்தையும் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "பாருங்க பெரிம்மா. இது பாப்பா மூள, இது உங்க மகன் மூள. யாரு ரத்தம்னு கேட்டீங்கல்ல?"

பாட்டி ஒன்றும் பேசவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண் மீது போட்ட பழியை அறிவியலால் உடைத்துவிட்டேன் என்று வண்டி ஓட்டிக்கொண்டே நினைத்ததுகூட நினைவிருக்கிறது.

அப்பா அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தினார். குடி அதிகமானது. பாப்பாவைத் தூக்குவதில்லை. மூன்று மாதம் கழித்து அம்மா என்னிடம் சொன்னார்: "அக்கா, என்ன உட்டுட்டு இப்ப அவர புடிச்சிக்கிட்டாங்க. 'சாக்கட அள்றவன் ரத்தம் வேற எப்டி இருக்கும்'னு வேல எடத்துல சொல்றாங்களாம். நீங்க அன்னிக்கு எல்லாரயும் வச்சுக்கிட்டு சொல்லாம இருந்திருக்கலாம்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்திருந்தேன்? பாட்டியின் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு, குற்றவாளியை மட்டும் மாற்றியிருந்தேன். ரத்தத்தில் குற்றம் இருக்கிறது என்ற நம்பிக்கையை நான் தொடவே இல்லை. எம்.ஏ. சமூகவியலில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சாதியும் ரத்தத் தூய்மையும் படித்தவள் நான். 1936-இல் 'சாதி ஒழிப்பு' எழுதிய அம்பேத்கர், ரத்தத் தூய்மையைச் சொல்லிச் சாதியை நியாயப்படுத்தும் வாதத்தைத் தனியாக எடுத்து உடைத்திருக்கிறார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1933-இல், ஹிட்லர் அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டபோது அந்தப் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. பரீட்சையில் இதை எல்லாம் எழுதி மார்க் வாங்கினேன். காலனி வீட்டில் பல்பு வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பிறப்பால் இழிவு என்ற பழியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் ஒருவரிடம், "உன் பிறப்பில்தான் கோளாறு" என்று ஒரு படத்தை ஆதாரமாகக் காட்டினால் அவர் காதில் எது விழும்? வேலை இடத்தில் சொன்னவர்கள் அதைத்தான் அவருக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

திருத்த முயன்றேன். அவரைத் தனியாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு அதே டாக்டரிடம் கூட்டிப் போக நாலைந்து தடவை நடந்தேன். டாக்டர் அவரிடம் ரத்தம், பரம்பரை எதையும் பேசவில்லை. "இந்த நோய்ல கிட்னியிலயும் கட்டி வரும். சிலருக்குப் பெருசாகி உள்ளுக்குள்ள ரத்தம் கசியும். உங்களுக்கு ஒரு தடவ பாத்துடலாமா? பாப்பா மாதிரி நீங்களும் நம்ம பேஷன்ட்தான்" என்றார். பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் சிறு கட்டிகள். வருஷா வருஷம் கவனிக்க வேண்டும். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா அவர் மடியில் இருந்தாள். "இவளுக்கு வரலேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது இல்ல மேடம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இன்னொரு குழந்தை வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று இருவரையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னார். முடிவை அவர்களிடம் விட்டார். நானும் விட்டேன்.

பாப்பாவுக்கு இப்போது ஐந்து வயது. விகாபட்ரின் மாத்திரையில் வலிப்பு நின்றது. அந்த மாத்திரை பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனையும் உண்டு. நடக்கிறாள். பேச்சு நாலைந்து சொல். ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கியாயிற்று. 'அத்தை' என்று என்னைக் கூப்பிடுவாள்.

ஆனால் கதை முடியவில்லை. மூளை அறைச் சுவரில் இருக்கும் முடிச்சுகளில் ஒன்று, நீர் வடியும் சின்ன வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது வளர்ந்தால் வாசலை அடைத்து, நீர் தேங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை இருக்கிறது, கட்டியைச் சுருக்கும் மாத்திரையும் இருக்கிறது. அதனால்தான் இந்த நோய் உள்ளவர்களுக்கு 25 வயது வரை ஒன்றிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். மூன்று வயதில் எடுத்த படத்தில் அந்த முடிச்சு கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஒரு வருஷத்தில் வரச் சொன்னார்கள். அந்தத் தேதியில் மேஸ்திரி லீவு கொடுக்கவில்லை. அடுத்த தேதியில் மெஷின் ரிப்பேர். இப்படியே இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அடுத்த தேதி வரும் மாதம் 12. நான் கூடப் போகிறேன்.

களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு என் தப்பிலிருந்து நான்கு விஷயங்கள் சொல்கிறேன். கவரை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். படத்தை எடுத்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், புரியும் வரை கேளுங்கள், அது நோயாளியின் உரிமை. பிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பழைய படம் இருந்தால்தான் கட்டி வளர்ந்ததா என்று ஒப்பிட முடியும். அடுத்த ஸ்கேன் தேதியை உங்கள் காலண்டரிலும் குறித்து வையுங்கள், லீவு வாங்கித் தருவதும் நம் வேலைதான். ஒரு குடும்பத்தின் ஸ்கேன் முடிவை ஊர் முன்னால் தூக்கிப் பிடிக்காதீர்கள், எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சரி.

போன வாரம் பாட்டியைப் பார்த்தேன். இரண்டு கவர்களும் ஒரே மஞ்சள் பையில் விட்டத்தில் தொங்குகின்றன. "பன்னெண்டாந்தேதிக்கு எத எடுத்தாரணும், பெருசா சின்னதா?" என்று கேட்டார். ரெண்டையும் எடுத்து வாங்க பெரிம்மா என்றேன்.